"இடுப்பை வளையுங்கள்" என்றால் எந்த இடுப்பு?

மூட்டு அசைவுக்கும் உடல் நெகிழ்வுக்கும் என்று தமிழில் வரும் பயிற்சிக் கைந்நூல்களில் "இடுப்பிலிருந்து முன்னால் வளையவும்" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். பலர் முதுகின் அடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அந்த வரியைச் செய்து பார்த்த பிறகுதான். பிழை பயிற்சியில் இல்லை, சொல்லில் இருக்கிறது. சாரம் கட்டுகிற இடமும் நமக்கு இடுப்பு. பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு. தொடையெலும்பின் உருண்டைத் தலை குழிக்குள் உட்கார்ந்து சுழலும் பெரிய மூட்டும் இடுப்புத்தான். நூலை எழுதியவர் மூன்றாவதைச் சொல்கிறார். வாசிப்பவர் முதலாவதை வளைக்கிறார்.

யாழ்ப்பாணப் பேச்சில் முதுகின் அடிப்பகுதிக்கு 'நாரி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பயிற்சி நூல் வாசிக்கும்போது அந்தச் சொல் பெரிய உதவி. இடுப்பு மூட்டைக் கண்டுபிடிக்க, கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒரு முழங்காலை மட்டும் மேலே தூக்குங்கள். தொடை வயிற்றோடு சேரும் இடத்தில் உடுப்பு மடியும் அல்லவா, அந்தத் தொடைமடிப்பின் நடுவில் இரண்டு விரலை வைத்தால் மூட்டு அதற்கு நேர் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. முன்னால் குனியும் பயிற்சி எதுவானாலும் மடிய வேண்டியது அந்த இடம். நாரி அல்ல.

இதைப் பழக ஒரு தும்புத்தடி போதும். தடியை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மற்றக் கை நாரிக்குப் பின்னால். தடி மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், பிட்டத்துக்கு மேலே இருக்கும் தட்டையான எலும்பு. சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் தள்ளி நின்று, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். மூன்று தொடுகையும் விடாமல் சுவரைத் தொட்டால் மடிந்தது இடுப்பு மூட்டு. பிட்டத்து எலும்பைவிட்டுத் தடி விலகினால் நாரி வளைந்துவிட்டது. பின்தலை விலகினால் நாடி மார்பை நோக்கித் தொங்கிவிட்டது. தொட முடிந்தபின் அரைப்பாதம் முன்னால் வந்து மறுபடி செய்யுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு இரண்டு தடவை. இது வந்தால் நூலில் உள்ள பின்தொடைப் பயிற்சிகளில் பெரும்பங்கு தானாகவே சரியாகும்.

ஆகவே புதிய கைந்நூல் கைக்கு வந்ததும் பயிற்சி தொடங்க வேண்டாம், பென்சிலை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அசைய வேண்டிய மூட்டைச் சுற்றி ஒரு வட்டம். அசையாமல் இருக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. எந்தப் படத்தில் இந்த இரண்டையும் போட முடியவில்லையோ, அந்தப் பயிற்சியை அந்த நூலை வைத்துக்கொண்டு செய்யக்கூடாது. 'இடுப்பு' வரும் இடமெல்லாம் 'தொடைமடிப்பு' அல்லது 'நாரி' என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். 'கணுக்காலை மடக்கு' என்று இருந்தால் பாதம் மேலேயா கீழேயா என்று அம்புக்குறி போடுங்கள். மொழிபெயர்ப்பு நூல்களில் 'நீட்டு' என்ற சொல்லும் தொல்லைதான். மடங்கிய மூட்டை நேராக்குவதும் 'நீட்டு', தசையை இழுத்து வைத்திருப்பதும் 'நீட்டு'. "முழங்காலை நீட்டி 30 விநாடி இருங்கள்" என்பதை இரண்டு விதமாகவும் செய்ய முடியும், பலன் இரண்டுக்கும் வேறு.

நூலை வாங்குமுன் நின்று புரட்டிப் பார்க்கக் கொழும்பில் இடத்துக்குக் குறைவில்லை. புறக்கோட்டைப் புத்தகக் கடைகள், மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே பொது நூலகம், வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம், செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி. அட்டையைப் பார்க்காதீர்கள், நடுப்பக்கம் ஒன்றைத் திறவுங்கள். தொடக்க நிலைக்கும் முடிவு நிலைக்கும் தனித்தனிப் படம் இருக்கிறதா? எத்தனை விநாடி, எத்தனை முறை, வாரத்துக்கு எத்தனை நாள் என்று எண் இருக்கிறதா? யார் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறதா? முடியாதவருக்கு இலகுவான வடிவம் ஒன்று தரப்பட்டிருக்கிறதா? இந்த நான்கில் கடைசி இரண்டும் இல்லாத நூலை அப்படியே அடுக்கில் வைத்துவிட்டு வரலாம்.

பழைய நூல்களில் மூன்று பயிற்சிகளைக் கண்டால் தாண்டிப் போங்கள். கால்விரலைத் தொடுவதற்காகத் துள்ளித் துள்ளிக் குனிவது ஒன்று. சடுதியாக இழுபடும் தசை தன்னைக் காக்கச் சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்கு எதிராகத்தான் அடுத்த துள்ளல் இழுக்கிறது. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவது இரண்டாவது. தலை பின்னால் சாய்ந்தபடியே உருளும்போது கழுத்தின் பின்பக்கச் சிறு மூட்டுகள் நெரிபடும், வயதானவர்களுக்குத் தலைச்சுற்றும் வரும். அரைவட்டம், அதாவது ஒரு தோளிலிருந்து நெஞ்சு வழியாக மற்றத் தோளுக்கு, போதும். மூன்றாவது, மல்லாந்து கிடந்து இரண்டு காலையும் நேராக ஒன்றாகத் தூக்குவது. வயிற்றுத் தசை தாங்காதவருக்கு நாரி வில்லாக வளைந்து பாரம் முழுக்க அங்கே இறங்கும்.

படங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நின்றால் அவருடைய வலது கை உங்கள் இடப்பக்கம் தெரியும். ஒரு தோளுக்கு மட்டும் பயிற்சி செய்பவர் இதில் மாறிச் செய்துவிடுவார். இன்னொன்று, படம் காட்டுவது அந்த ஆளின் எல்லையை. இடுப்பு மூட்டுக் குழியின் ஆழமும் அது பார்த்திருக்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. சம்மணம் இட்டால் முழங்கால் தரையைத் தொடாத சிலருக்குத் தடையே எலும்புத்தான். எத்தனை வருடம் இழுத்தாலும் எலும்பு நீளாது. தசை தடுத்தால் மெல்லிய இழுவை தெரியும், நாளடைவில் இளகும். எலும்பு தடுத்தால் தொடைமடிப்பில் நெரியும், திடுமென நின்றுவிடும். நெரிந்தால் அந்தக் கோணத்தை விட்டுக் காலைச் சற்று வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

வெளியே இருந்து இழுத்தால் மூட்டு போகும் தூரம் நெகிழ்வு, சொந்தப் பலத்தில் போகும் தூரம் அசைவுத்திறன்; இரண்டும் வேறு. நல்ல நூல் இதை முதலில் சொல்லும். உங்களுக்கு எது குறைவு என்று அறிய மல்லாந்து படுத்து, மடித்த சாரத்தைப் பாதத்தில் கொளுவி, முழங்கால் மடங்காமல் காலை மேலே இழுங்கள். மற்றக் கால் தரையில் நேராகக் கிடக்கட்டும். பலருக்கு 80 பாகைக்குக் கிட்ட வரும். இப்போது சாரத்தை விட்டுவிட்டுக் காலைத் தன் பலத்தில் அதே உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் இயல்பு. பாதிக்கு இறங்கிவிட்டால் உங்களுக்கு இன்னும் இழுப்பது தேவையில்லை. இழுத்த இடத்தில் காலைத் தாங்கும் பலம்தான் இல்லை. சாரத்தால் தூக்கி, கைவிட்டு, 3 விநாடி தாங்கி, மெல்ல இறக்குங்கள். 8 முறை. இரண்டிலும் கால் உயரவில்லை என்றால்தான் இழுவைப் பயிற்சி.

இழுவை என்றால் அளவு இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒரு இழுவையை 10 முதல் 30 விநாடி வரையும், வயதானவர்கள் 30 முதல் 60 விநாடி வரையும் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு பயிற்சிக்கு மொத்தம் 60 விநாடி, வாரத்தில் குறைந்தது 2, 3 நாள், தினமும் என்றால் இன்னும் நல்லது. ஆகவே 30 விநாடி இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஐந்து மூச்சு' என்று எழுதியிருக்கும் நூல்களில் கவனம்: அவசரமாக மூச்சு விடுபவருக்கு ஐந்து மூச்சு 15 விநாடிதான். மணிக்கூட்டை எதிரே வையுங்கள். மூச்சை அடக்கினாலோ பல்லைக் கடித்தாலோ இழுவை கூடிவிட்டது என்று பொருள், ஒரு அங்குலம் பின்வாங்குங்கள்.

பின்தொடையை இழுக்கும்போது கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ மின்னுவது போலவோ எறும்பு ஊர்வது போலவோ இருந்தால் அது தசை அல்ல, நாரியிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு. பாதவிரலை உங்கள் பக்கம் மடக்கினால் கூடி, விட்டால் குறைந்தால் உறுதி. நரம்பைப் பிடித்து இழுத்து வைத்திருக்கக்கூடாது, அடுத்த நாள் கால் முழுக்க உளையும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தைத் தளர்த்தி, அந்த உணர்வு வராத உயரத்தில் நிறுத்துங்கள்.

அதே இடுப்புக் குழப்பம் முன்தொடை இழுவையிலும் வரும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மற்றக் காலை முன்னால் வைத்து "இடுப்பை முன்னால் தள்ளவும்" என்று நூல் சொல்லும். தள்ளினால் நாரி பின்னால் வளைந்து, வயிறு முன்னால் போய், ஆள் நன்றாக இழுபட்டதாக நினைப்பார். தொடைமடிப்பில் ஒன்றும் நடந்திருக்காது. சரியான முறை: முழங்காலுக்குக் கீழே தலகணி வைத்து, ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, கொப்பூழுக்குக் கீழுள்ள எலும்பை நெஞ்சை நோக்கித் தூக்குவது போல இடுப்பெலும்பைச் சுருட்டுங்கள். முன்னால் ஒரு அங்குலம்கூடப் போகாமலே தொடையின் முன்பக்கம் இழுபடும். அதற்குப் பிறகு போவதெல்லாம் மேலதிகம். இடுப்பெலும்பைத் தண்ணீர் நிறைந்த சட்டியாக எண்ணினால் எளிது: அது முன்னால் சாய்ந்தால் தண்ணீர் முன்னால் கொட்டும், கொட்ட விடாதீர்கள்.

கணுக்காலைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. தரையில் குந்த முடியாதவர், படியிறங்கும்போது முழங்கால் நோகிறவர், பஸ்ஸின் உயர்ந்த மிதிபலகையில் ஏறத் தடுமாறுபவர் எல்லோரும் முதலில் இதை அளக்க வேண்டும். சுவருக்கு எதிரே வெறுங்காலோடு நின்று, குதிக்கால் தரையை விடாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுங்கள். தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையை அடிமட்டத்தால் அளங்கள். 10 செ.மீ. அளவில் இருந்தால் நாளாந்த வேலைக்குத் தாராளம். இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் உடம்பு செய்யும் கள்ளம் இரண்டு. குதிக்கால் மயிரிழை தூக்கும், தெரியாது. அதற்குக் குதிக்காலின் கீழ் ஒரு கடதாசித் துண்டை வைத்து இன்னொருவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், வந்துவிட்டால் குதிக்கால் தூக்கியிருக்கிறது. மற்றது, உள்ளங்கால் வளைவு சரிந்து முழங்கால் உட்பக்கம் விழும். முழங்கால் சில்லு பெருவிரலுக்கு அடுத்த விரலுக்கு மேலாகப் போக வேண்டும். அளவு குறைவாக இருந்தால் தடை எங்கே என்று கேளுங்கள். கெண்டைக்கால் இழுபட்டால் தசை: சுவரில் கையூன்றி, பின்காலை நேராக வைத்து 30 விநாடி, பிறகு அதே காலை முழங்காலில் மடக்கி 30 விநாடி. இரண்டும் வேண்டும், கெண்டையில் இரண்டு தசை அடுக்கு, கீழ் அடுக்கு முழங்கால் மடங்கினால்தான் இழுபடும். கணுக்காலின் முன்பக்கம் நெரிந்தால் மூட்டு: இழுக்காமல், அளந்த அதே நிலையில் முழங்காலைச் சுவருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள், 15 முறை, இரண்டு தடவை.

தோளைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் உறைவு கூடுதலாக வரும், நீரிழிவோ நம் வீடுகளில் பரவிக் கிடக்கிறது. 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934இல் வைத்தவர் ஏர்னஸ்ட் கொட்மன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர். பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில், முதலில் நோவு, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல இளகல் என்று மூன்று கட்டமாக ஒன்று முதல் மூன்று வருடம் வரை இழுக்கும். முதலில் பறிபோவது கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு. தலை வார முடியாது. அடுத்து, பின்பக்கம் பிளவுஸ் கொக்கி போட முடியாது.

நோவுக் கட்டத்தில் கைந்நூலில் உள்ள இழுவைப் பயிற்சி எதையும் வலிந்து செய்யாதீர்கள், வீக்கமடைந்திருக்கும் மூட்டுறையை அது இன்னும் கிளறும். ஊசலாட்டம் மட்டும் போதும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கை தானாக ஆட வேண்டும். கையை ஆட்டினால் தோள்தசை வேலை செய்கிறது, பயிற்சியின் நோக்கமே போய்விடும். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. இரவு நோவு அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் மறுபடி தும்புத்தடி: மல்லாந்து படுத்து, நோகும் தோளின் மேற்கைக்குக் கீழே மடித்த துவாய் வைத்து, முழங்கையை 90 பாகை மடக்கி விலாவோடு ஒட்டுங்கள். தடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி நோகும் கையை வெளிப்பக்கம் திறவுங்கள். 5 முதல் 10 விநாடி, 10 முறை. முழங்கை விலாவை விட்டு விலகுவதுதான் வழக்கமான பிழை. விலகினால் அசைந்தது தோள்பட்டை, தோள் மூட்டு அல்ல. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு கைலேஞ்சியைச் செருகிவிட்டால் விழும்போது தெரியும்.

முழங்காலுக்குச் சுருக்கமாக: நடக்கச் சுமார் 60 பாகை, படியிறங்க 90 பாகை அளவு, குந்தவோ தொழுகையில் இருக்கவோ 130க்கு மேல் மடங்க வேண்டும். மடக்குவதில் எல்லோருக்கும் கவலை, முழுக்க நேராகாததை ஒருவரும் பார்ப்பதில்லை. காலை நீட்டி இருந்து, குதிக்காலின் கீழ் சுருட்டிய துவாய் வைத்து, முழங்காலின் பின்பக்கத்தைத் தரையை நோக்கி அழுத்துங்கள். 5 விநாடி, 10 முறை. இது வந்த பிறகே குந்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

சிக்குன்குன்யா 2006, 2007இல் வந்து, மீண்டும் 2025இல் கொழும்பை ஆட்டியது. காய்ச்சல் போனாலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் மாதக்கணக்கில் இறுகிக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைந்நூலின் பெரிய பயிற்சிகள் வேண்டாம். மிதமான சுடுநீரில் கையை 5 நிமிடம் வைத்திருந்து, விரல்களை ஐந்து நிலைகளில் வரிசையாகக் கொண்டுபோங்கள்: விரல்கள் நேர், நடு மூட்டும் நுனி மூட்டும் மட்டும் மடங்கிய கொக்கி, முழு முட்டி, அடிமூட்டில் மட்டும் மடங்கிய மேசை வடிவம், நுனி நேராக இருந்து உள்ளங்கையின் அடியைத் தொடும் தட்டை முட்டி. இந்த வரிசை 5 முதல் 10 முறை. தசைநாண்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓட இது உதவும். முட்டியை இறுக்கிப் பிழிய வேண்டாம், மூட்டு வீங்கியிருக்கும் நாட்களில் மெல்லிய அசைவு மட்டும்.

எப்போது செய்வது? எழுந்தவுடன் வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீர் உறிஞ்சிப் பருத்திருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூடுதல். கணுக்கால், தோள், விரல் ஆகியவற்றைக் காலையில் செய்யலாம், குனியும் பயிற்சியைப் பின்னேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ நடந்துவிட்டு வந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்தால் அதே 30 விநாடியில் கூடுதல் பலன். நடை, ஓட்டத்துக்கு முன்பு நீண்ட இழுவை வேண்டாம், ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் இழுத்தால் அதன் பலம் சற்று நேரம் குறையும். மாபிள் தரையில் பாய் வழுக்கும், கீழே ஈரத்துணி ஒன்றை விரித்துப் போட்டால் பிடித்துக்கொள்ளும். நூலின் பக்கத்தைக் கொடித்துணிக் கிளிப்பால் விரித்துக் கதிரையில் நிறுத்துங்கள். தரையில் கிடந்துகொண்டு பக்கம் புரட்டக் கழுத்தைத் திருகுவதே ஒரு பிடிப்புக்குக் காரணமாகும்.

நோவுக்கு ஒரு கணக்கு. 10க்கு 3 வரை என்றால் தொடரலாம். பயிற்சி முடிந்து அடுத்த நாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையானால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை விடாதீர்கள். குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போது பிழிந்து உறிஞ்சும் மூட்டுத் திரவமே அதற்கு உணவு. முழு ஓய்வு அந்தப் போக்குவரத்தை நிறுத்திவிடும்.

சிலருக்கு இந்த நூல்களே கூடாது. பெருவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறவர், சின்னவிரலை 90 பாகைக்கு மேல் பின்னால் வளைக்க முடிகிறவர், முழங்கையோ முழங்காலோ 10 பாகைக்கு மேல் பின்பக்கம் வளைகிறவர், முழங்கால் மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் வைக்கிறவர். இடம் வலம் இரண்டையும் எண்ணி 9 புள்ளி, பெய்ட்டன் அளவை என்று பெயர். வளர்ந்தவருக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூட்டுகள் ஏற்கனவே தளர்ந்தவை. அவருக்கு வேண்டியது பலப் பயிற்சி. "என்ன அழகாய் வளைகிறாய்" என்று பாராட்டி இன்னும் இழுக்க வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு.

காலையில் எழுந்ததும் இருக்கும் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டால், இரவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடங்காத நோவு இருந்தால், நூலை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள். நாரி நோவோடு தொடையிடுக்கும் தொடையின் உட்பக்கமும் விறைத்துச் சிறுநீர் போவதிலும் மாற்றம் இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் எந்தப் பயிற்சியையும் தொடங்குமுன், சத்திரசிகிச்சை செய்தவரின் தடைப்பட்டியலைப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

மற்றவர்கள் ஆறு வாரம் செய்த பிறகு அதே அடிமட்டத்தை எடுத்து, அதே சுவரில், அதே நேரத்தில், பெருவிரலிலிருந்து சுவருக்கு மறுபடி அளந்து, கணுக்கால் பக்கத்தின் ஓரத்தில் திகதியோடு எழுதுங்கள். ஒரு செ.மீ.யும் நகரவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் வட்டம் போட்ட இடத்தை மறுபடி பாருங்கள்.